மேய்ச்சலுக்கு நிலம் விட்டால் வாடகை எப்படிக் கணக்குப் போடுவது? (ஒடுகத்தூர் பக்கம்)

மேட்டுநிலம் கேட்டது:

வணக்கம். அணைக்கட்டு தாலுகாவில் ஒடுகத்தூருக்குப் பக்கத்தில் 7 ஏக்கர் பட்டா நிலம். செம்மண், மானாவாரி. 3 ஏக்கரில் போன வருஷம் ஆடியில் கொழுக்கட்டைப்புல் விதைத்து, நடுநடுவே வேலிமசால் (தீவனச் செடி) வரிசை விட்டிருக்கிறது. புல் நன்றாகப் பிடித்துக்கொண்டது, ஒரு தடவை விதையும் உதிர்த்துவிட்டது. 2 ஏக்கரில் நிலக்கடலை, ஐப்பசியில் பிடுங்கிவிடுவோம். மீதி 2 ஏக்கர் மாந்தோப்பு, 12 வயது மரங்கள். கிணற்றில் தை வரைக்கும் தண்ணீர் நிற்கும். மூன்று பக்கம் கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்திருக்கிறது. ஓடைப் பக்கம் மட்டும் வேலிகாத்தான் புதர்தான் மறைப்பு.

இரண்டு பேர் மேய்ச்சலுக்குக் கேட்கிறார்கள். ஒருவரிடம் செம்மறி 60 உருப்படி. ஆவணியிலிருந்து தை வரை ஆறு மாதத்துக்கு மொத்தமாக 15,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். இன்னொருவருக்கு 6 கறவை மாடு. தலைக்கு மாதம் 400 ரூபாய், அதே ஆறு மாதம். அதாவது 14,400. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தொகை.

என் கேள்விகள்: ஏக்கர் கணக்கில் வாங்குவதா, தலைக்கணக்கில் வாங்குவதா? இந்தத் தொகை நியாயமா? ஓடைப் பக்க வேலியை யார் அடைக்க வேண்டும்? தோப்பையும் சேர்த்து விடலாமா? எழுத்து ஏதாவது போட்டுக்கொள்ள வேண்டுமா?

—

புல்கணக்கு எழுதியது:

ஏக்கரும் வேண்டாம், தலையும் வேண்டாம். நீங்கள் விற்பது புல். எத்தனை கிலோ புல் விளைகிறது, அதில் எவ்வளவு வயிற்றுக்குள் போகலாம், கிலோ என்ன விலை என்று இந்த மூன்றையும் பிடித்துவிட்டால் ஏக்கர் வாடகை, தலை வாடகை எதை வேண்டுமானாலும் அதிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். தலைகீழாகப் போனால் யாரோ சொன்ன தொகைக்குத் தலையாட்ட வேண்டியதுதான்.

முதலில் அளவு. பிவிசி குழாயில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். புல் முழங்கால் உயரம் வந்து கதிர் தலை காட்டும்போது, வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்து இடத்தில் சட்டத்தைப் போடுங்கள். செழிப்பான இடமாகப் பார்த்துப் போடாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு எறிவது நல்லது. சட்டத்துக்குள் இருப்பதைத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு அரிவாளால் அறுத்து, ஒவ்வொன்றையும் தனியாக எடை போடுங்கள். எல்லாவற்றையும் கலந்து அதில் ஒரு கிலோ எடுத்து, நறுக்கி, எடை குறைவது நிற்கும்வரை காயவையுங்கள். அந்த ஒரு கிலோ காய்ந்து 300 கிராமாகக் குறைந்தால் காய்ந்த எடை 30 சதவீதம். பனியோடு அறுத்தால் கணக்கு தப்பும், வெயில் ஏறிய பிறகு அறுங்கள்.

சதுர மீட்டருக்குப் பச்சையாகச் சராசரி 600 கிராம் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்தால் 180 கிராம். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆக ஒரு தழைப்புக்கு (புல் ஒரு தடவை துளிர்த்து மேயத் தயாராவது) ஏக்கருக்கு 728 கிலோ. ஆவணிக்கும் மார்கழிக்கும் நடுவே மூன்று தழைப்பு வரும்; மூன்றாவது பாதிதான் தேறும். மொத்தம் ஏக்கருக்கு 1,800 கிலோ, 3 ஏக்கருக்கு 5,400 கிலோ. வேளாண் பல்கலைக்கழகக் கையேட்டில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 40 டன் பச்சைப்புல் என்று போட்டிருக்கும். அது உரம் இட்டு, நேரத்துக்கு அறுத்து எடுத்த கணக்கு. மேய்ச்சல் நிலத்துக்கு அதை வைத்து வாடகை பேசினால் யாருக்காவது நஷ்டம்.

இந்த 5,400-இல் பாதியைத்தான் விற்கலாம். மறுபாதியில் கொஞ்சம் மிதிபடும், கொஞ்சம் சாணம் விழுந்து வீணாகும், மீதி மறுபடி துளிர்க்க நிலத்தில் நிற்க வேண்டும். ஆக 2,700 கிலோ.

விலைக்கு வருவோம். உங்கள் ஊரில் வைக்கோல் கட்டு வீடு வந்து சேர என்ன ஆகிறது என்று பாருங்கள். கட்டை எடை போட்டுக் கிலோவுக்கு மாற்றுங்கள். கட்டுக்குக் கட்டு எடை வேறுபடும் என்பதால் கட்டு விலையை மட்டும் நம்பாதீர்கள். கிலோ 8 ரூபாய் வருகிறது என்று வைப்போம். இளம் கொழுக்கட்டைப்புல்லில் புரதம் வைக்கோலைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாது. ஆகவே காய்ந்த எடைக்கு 10 ரூபாய் போடலாம். ஆனால் அந்தப் பத்தில் அறுப்புக் கூலி, கட்டுக் கூலி, வண்டி எல்லாம் அடக்கம். உங்கள் நிலத்தில் அறுக்கிறது ஆடு. மேய்ப்பவர் கூலியும், மழை பொய்த்தால் வருகிற இடரும் ஆட்டுக்காரர் தலையில். அதனால் நிற்கிற புல்லுக்கு மூன்றில் ஒரு பங்கு, கிலோ 3 முதல் 4 ரூபாய். 3.50 என்று எடுத்தால் 2,700 கிலோவுக்கு 9,450 ரூபாய். ஏக்கருக்கு 3,150.

இப்போது 15,000 ரொம்ப நல்ல தொகைபோலத் தெரியும். அங்கேதான் பள்ளம். நம் பக்கத்துச் சென்னைச் சிவப்புப் பெட்டை 24, 25 கிலோ இருக்கும். எடையில் மூன்றரை சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு 900 கிராம் காய்ந்த தீனி. 60 ஆட்டுக்கு 54 கிலோ. 180 நாளுக்கு 9,720 கிலோ. அவ்வளவு புல் உங்கள் 3 ஏக்கரில் இல்லை. முழு வயிறும் அங்கேயே நிரம்ப வேண்டும் என்றால் ஐம்பது நாளில் தீர்ந்துவிடும். மிச்ச நாளெல்லாம் ஆடு துளிரையும் குருத்தையும் கொறிக்கும். அடுத்த ஆடியில் மறுபடி விதை வாங்கி (ஏக்கருக்கு இரண்டரை, மூன்று கிலோ வேண்டும்), உழுது விதைத்து, 70, 75 நாள் யாரையும் உள்ளே விடாமல் காக்க வேண்டும். 15,000-இல் பாதி அதற்கே போய்விடும்.

—

கிடைமடக்கி எழுதியது:

புல்கணக்கு அண்ணன் சொன்ன அளவு சரிதான். ஆனா ஆட்டுக்காரங்க பக்கமும் ஒண்ணு சொல்லணும். எந்தச் செம்மறி மந்தையும் ஒரே கொல்லையில ஆறு மாசம் நிக்காது. காலையில ஓடைப் புறம்போக்கு, ஏரிக்கரை, அறுத்த வயல்னு ஒரு சுத்து சுத்திட்டுத்தான் உங்க நிலத்துக்கு வரும். உங்ககிட்ட நிரம்புறது பாதி வயிறு. அதனால தலைக்கு 900 கிராம்னு போடாம 450 கிராம்னு போடுங்க. அவர் நாள் முழுக்க உங்க வேலிக்குள்ளேயே விடுறாரா, மதியத்துக்கு மேல வர்றாரா, இதைக் கேக்காம தொகை பேசுறது வீண்பேச்சு.

அடுத்தது புழுக்கை. ராத்திரி ஆடு எங்க படுக்குதுங்கிறதுதான் பாதி வாடகை. பகல்ல உங்க புல்லைத் தின்னுட்டு ராத்திரி அவங்க வீட்டுப் பட்டியில படுத்தா உங்க மண்ணோட சத்து தினமும் நடந்து வெளியே போவுது. அதுக்கு முழு வாடகை வாங்குங்க. உங்க நிலத்துலயே கிடை போட்டா, அதாவது ராத்திரி மந்தையை வலைக்குள்ள மடக்கிப் படுக்க வெச்சா, வாடகையைக் குறைக்கத்தான் வேணும், ஏன்னா மத்த இடத்துல கிடை மடக்க நிலத்துக்காரர்தான் நமக்குத் துட்டு தர்றாரு.

கணக்கு இதோ. ஒரு ஆடு ஒரு ராத்திரிக்குக் காய்ஞ்ச எடையில ஏறக்குறைய 300 கிராம் புழுக்கை போடும், மூத்திரம் தனி. படுக்க ஆட்டுக்கு 12, 13 சதுர அடி. உதாரணத்துக்கு 45 ஆடுன்னா வலை அடைக்கிற இடம் 600 சதுர அடி, ஒண்ணரை சென்ட்டுக்குக் கொஞ்சம் கம்மி. தினமும் வலையை நகர்த்தினா 60 ராத்திரியில 80 சென்ட்டுக்கு மேல மிதிச்சு முடிக்கும், ஏக்கருக்கு ஒரு டன் கணக்குல காய்ஞ்ச எரு விழுந்திருக்கும். ஆட்டு எருவுல 3 சதம் தழைச்சத்து, 1 சதம் மணிச்சத்து, 2 சதம் சாம்பல் சத்து. அதாவது ஏக்கருக்கு 30 கிலோ தழைச்சத்து. யூரியா மூட்டை 266 ரூபாய்ங்கிற மானிய விலையில இதைக் கணக்குப் போட்டா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். அந்தக் கணக்கைக் கிடைக்காரர் முன்னாடி மட்டும் எடுத்துறாதீங்க. ஒரு டிப்பர் தொழுவுரம் ஏத்தி, இறக்கி, இறைக்கிற செலவோட ஒப்பிடுங்க, அதுதான் சரியான ஒப்பீடு.

ஒரே இடத்துல ரெண்டு மூணு ராத்திரி வலையை நகர்த்தாம வெச்சா அந்த இடத்துல பயிர் கருகும், பக்கத்துல வெளுக்கும். பிடுங்கின கடலைக் கொல்லையில கிடை போட்டா மழைக்கு முன்னாடி ஒரு மேலுழவு ஓட்டி மூடிடுங்க. இல்லாட்டி பாதி சத்து காத்துலயும் தண்ணியிலயும் போயிடும்.

உருப்படி எண்ணிக்கையிலயும் கவனம் வேணும். பால்குட்டி கணக்குல வராது. பால் மறந்த குட்டி அரை. பெட்டை ஒண்ணு. கிடா ஒண்ணரை. 60னு சொல்லிட்டு நடுவுல ஒடுகத்தூர் வெள்ளிச் சந்தையில பத்து வாங்கிச் சேர்த்தா அது 70. மாசத்துக்கு ஒரு தடவை படல் வாசல்ல நின்னு எண்ணுறதுல யாருக்கும் கோவம் வரக்கூடாது. சந்தையில வாங்கின புது உருப்படியை மூணு வாரமாவது தனியா வெச்சுப் பாத்துட்டுத்தான் மந்தையில சேர்க்கணும், அதையும் பேசிக்குங்க.

—

கறவை காட்பாடி எழுதியது:

மாட்டுக்காரர் சொன்ன 400 ரூபாயை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. மாதம் 400 என்றால் நாளைக்கு 13 ரூபாய் சொச்சம். 350 கிலோ கலப்பின மாடு ஒரு நாளைக்கு 10 கிலோ வரை காய்ந்த தீனி எடுக்கும். கறவையில் இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு அடர்தீவனம், 7 கிலோ புல்லும் வைக்கோலும். முழுவதும் உங்கள் நிலத்தில் மேய்ந்தால் 3.50 விலையில் 24 ரூபாய் 50 காசு. 13 ரூபாய் பாதிதான். ஆனால் காலையில் கறந்துவிட்டு ஒன்பது மணிக்கு ஓட்டி வந்து ஒரு மணிக்குத் திருப்பி ஓட்டுகிறார் என்றால், நாலு மணி நேரத்தில் மூன்றரை கிலோ எடுக்கும். 12 ரூபாய் 25 காசு. அப்போது 400 சரியான தொகை, இன்னும் சொல்லப்போனால் கொஞ்சம் தாராளம். அதனால் மாட்டுக்கு மணிக்கணக்கை எழுதாமல் தலைக்கணக்கு பேசக்கூடாது.

மாடு நாக்கால் சுழற்றிப் பிடுங்கும், நாலு விரல் உயரத்துக்குக் கீழே போகாது. செம்மறி உதட்டால் தரையோடு நறுக்கும். புல் பிழைப்பதற்கு மாடு மேல். ஆனால் ஐப்பசி அடைமழையில் செம்மண் சேறாக இருக்கும்போது மாட்டுக் குளம்பு புல் தூரைக் கிளப்பிவிடும், குழி விழும். நல்ல மழை பெய்த பிறகு இரண்டு நாள் மாட்டை உள்ளே விடாதே என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த நாளுக்கு வாடகை கழித்துக்கொள்ளலாம்.

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கறவை மாட்டுக்கு 60 லிட்டர், வெயில் காலத்தில் இன்னும் கூட. செம்மறிக்கு 4, 5 லிட்டர். ஆறு மாட்டுக்கு நாளைக்கு 360 லிட்டர் என்றால் தொட்டி வேண்டும். கிணற்றிலிருந்து இறைத்து நிரப்புவது யார் என்பதும் வேண்டும். நீங்கள் இறைத்துத் தந்தால் அதற்குத் தனித் தொகை. அவர் ஊற்றிக்கொண்டால் வாடகையில் கழிவு. தொட்டியை வேலிக்கு ஓரமாக, கல் பரப்பிய இடத்தில் வையுங்கள். நடுக்கொல்லையில் வைத்தால் அதைச் சுற்றி அரை சென்ட் சேறாகிப் புல் செத்துவிடும்.

தோப்பு: வெள்ளாடு வேண்டவே வேண்டாம், பட்டையை உரித்துவிடும், தாழ்ந்த கிளையில் கால் வைத்து ஏறும். செம்மறியும் மாடும் 12 வருஷ மரத்தை ஒன்றும் செய்யாது, களை தின்றுவிட்டுப் போகும். ஆனால் மார்கழியில் பூ வந்ததும் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிப்பீர்கள். அடித்த மருந்து கீழே புல்லிலும் படியும். மருந்து டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடியும்வரை தோப்புக்குள் ஒரு கால்நடையும் நுழையக்கூடாது. தேதியை ஆட்டுக்காரரிடம் முன்னாலேயே சொல்வது நிலக்காரர் பொறுப்பு. சொல்லாமல் ஆடு செத்தால் பஞ்சாயத்தில் நீங்கள்தான் நிற்க வேண்டும். கார்த்திகைக் கடைசியோடு தோப்பை மூடிவிடுவது எல்லாருக்கும் நல்லது.

அதேபோல் பக்கத்துக் கொல்லையில் சோளம் அறுத்திருந்தால் அந்தக் கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்க்கும். மழை தவறி வாடிய நிலையில் அந்தக் குட்டைத் துளிரைத் தின்ற மாடு நுரை தள்ளி அரை மணிக்குள் விழும். மருத்துவர் வந்து ஊசி போடுவதற்குள் முடிந்துவிடும். உங்கள் வரப்பை ஒட்டி அப்படி ஏதாவது இருந்தால் முதல் நாளே காட்டிவிடுங்கள்.

—

பத்திரம் எழுதியது:

எழுத்து வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். கட்டாயம் வேண்டும், ஆனால் வார்த்தையில் கவனம்.

"நிலத்தைக் குத்தகைக்கு விட்டேன்" என்று எழுதாதீர்கள். சுவாதீனம் (நிலத்தின் மேல் கைவசம்) உங்களிடமே இருக்கிறது, குறிப்பிட்ட நாட்களில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கால்நடை உள்ளே வந்து புல் மேய அனுமதி தருகிறேன் என்று எழுதுங்கள். உழவோ பயிரோ அவர் செய்யக்கூடாது என்று ஒரு வரி. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். உங்களுக்கு ஐந்து, ஆறு மாதம்தானே, முத்திரைத்தாளில் எழுதி இரு சாட்சி போதும். வருஷாவருஷம் புதிதாக எழுதுங்கள், பழைய தாளில் தேதியை நீட்டாதீர்கள்.

தொகை நியாயமா என்பதற்கு இன்னொரு உரைகல். பயிரிடும் குத்தகைதாரர்களுக்கான 1956ஆம் ஆண்டு நியாய வாரச் சட்டப்படி நிலக்காரர் பங்கு மகசூலில் 25 சதவீதம். உங்கள் விவகாரத்துக்கு அந்தச் சட்டம் நேராகப் பொருந்தாது, ஆனால் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மேலே புல்லின் மதிப்பைக் கிலோ 10 என்று போட்டிருக்கிறார்கள். அதில் கால் பங்கு 2.50. வெறும் தரிசுக்கு அது போதும். இங்கே புல்லை விதைத்ததும் நீங்கள், வேலி போட்டதும் நீங்கள், தண்ணீரும் உங்களுடையது. 3.50 கேட்பதில் குற்றமில்லை. 5 கேட்டால் அது பேராசை.

ஏக்கரா காணியா என்பதையும் தெளிவாக எழுதுங்கள். நம் பக்கத்தில் இன்னும் பெரியவர்கள் காணிக்கணக்கில் பேசுவார்கள். காணி 132 சென்ட். "காணிக்கு மூவாயிரம்" என்று அவர் சொல்ல, ஏக்கருக்கு என்று நீங்கள் நினைத்தால் மூன்று ஏக்கரில் 2,200 ரூபாய் வித்தியாசம் வரும்.

வேலி: பொருள் நிலக்காரர், ஆள்கூலி மேய்ப்பவர் என்பதுதான் சண்டை வராத ஏற்பாடு. உங்கள் முள்கம்பி மாட்டுக்குப் போதும், செம்மறி கீழ் இரண்டு கம்பிக்கு நடுவே நுழைந்து போய்விடும். ஓடைப் பக்கம் நாலடி வலை கட்டி, அடியை ஓரடி கல் வைத்து அமுக்குங்கள். மூலைக் கல்தூணுக்கு முட்டுக்கல் கொடுக்காமல் கம்பியை இழுத்தால் முதல் மழையில் தூண் உள்ளே சாயும். ஆடு தாண்டிப் போய் பக்கத்துக் கேழ்வரகை மேய்ந்தால் இழப்பீடு ஆட்டுக்காரர் பொறுப்பு. உடைந்த வேலியைச் சொல்லியும் நீங்கள் பொருள் தராமல் விட்டிருந்தால் உங்கள் பொறுப்பு. இதை அப்படியே எழுதிவிடுங்கள். பயிர் மேய்ந்த கால்நடையைக் கொண்டித்தொட்டியில் (ஊர்ப் பட்டியில்) அடைத்த காலம் போய்விட்டது, இப்போது நேராகக் காவல் நிலையத்துக்குத்தான் போகிறார்கள்.

தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் கால்நடைக்காரர் வேலை. துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி ஆகிய இரண்டு நோய்க்கும் தடுப்பூசி போட்ட பிறகே உள்ளே வரலாம் என்று வையுங்கள். புதுமழைத் தளிரைத் திடீரென்று வயிறு முட்டத் தின்கிற ஆட்டைத்தான் துள்ளுமாரி தூக்கும். அப்புறம் பழி உங்கள் புல்லின் மேல் வரும்.

—

மேட்டுநிலம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சட்டம் செய்து பத்து இடத்தில் அறுத்துவிட்டேன். பச்சை எடை சராசரி 520 கிராம். ஓடைப் பக்க இரண்டு இடத்தில் 300 கூட வரவில்லை. காய்ந்தது 32 சதவீதம். கணக்குப்படி ஏக்கருக்கு 673 கிலோ வருகிறது.

ஆட்டுக்காரர் மதியம் இரண்டு மணிக்குத்தான் வருவாராம். கடலை பிடுங்கினதும் கிடை போடவும் சம்மதம். ஆனால் 60 உருப்படியையும் பிரிக்க முடியாது என்கிறார். மாட்டுக்காரர் நாலு மணி நேரம் என்பதற்கு ஒப்பவில்லை. ஆகவே ஆடுதான். எத்தனை நாள், எவ்வளவு தொகை? மழை தவறினால் என்ன செய்வது?

—

புல்கணக்கு எழுதியது:

முதல் தழைப்பு 673, இரண்டாவது 620, மூன்றாவது 400 என்று வைத்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,700. மூன்று ஏக்கருக்கு 5,100, அதில் பாதி 2,550 கிலோ.

பாதி வயிற்றுக் கணக்கில் 60 ஆட்டுக்கு நாளைக்கு 27 கிலோ. முதல் தழைப்பில் விற்கக்கூடியது 1,010 கிலோ, 37 நாள் வரும். 3 ஏக்கரை 75 சென்ட் வீதம் நாலாகப் பிரித்தால் ஒரு பாகத்தில் ஒன்பது நாள், ஓய்வு 28 நாள். கொழுக்கட்டைப்புல்லுக்கு 28 நாள் போதாது, 35-க்கு மேல் வேண்டும். 45 ஆடாக இருந்தால் நாளைக்கு 20 கிலோ, பாகத்துக்கு 12 நாள், ஓய்வு 37 நாள், அது பொருந்தும். பிரிக்க முடியாது என்றால் வேறு வழி: 60 உருப்படியும் வரட்டும், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பத்து நாள் யாரும் வரக்கூடாது. அந்தப் பத்து நாளில் கடலைக் கொடி அரித்த கொல்லையிலும் தோப்பிலும் விடலாம். பசி வயிற்றோடு ஈரக் கொடியில் விட்டால் வயிறு உப்பும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டில் எதுவானாலும் மொத்த மேய்ச்சல் ஒன்றுதான்: 60 ஆடு 90 நாள், அல்லது 45 ஆடு 120 நாள். 2,430 கிலோ, 3.50 வீதம் 8,505 ரூபாய். ஆட்டுக்கு மாதம் 47 ரூபாய் சில்லறை. தோப்புப் புல்லைத் தனியாக அளந்து சேருங்கள், நிழலில் விளைச்சல் பாதிகூட இருக்காது. கிடைக்கான கழிவை ராத்திரிக் கணக்கில் போடுங்கள், மொத்தமாகக் குறைக்காதீர்கள். பாதியில் அவர் கிடையை வேறு நிலத்துக்கு மாற்றினால் கழிவும் நின்றுவிட வேண்டும்.

உள்ளே விடும்போது புல் ஒரு அடிக்கு மேல் இருக்க வேண்டும், நாலைந்து அங்குலத்துக்கு வந்ததும் அடுத்த பாகத்துக்கு மாற்ற வேண்டும். நாள் கணக்கு தோராயம், உயரம்தான் சட்டம். வேலிமசாலை அரை மீட்டருக்குக் கீழே கடிக்க விடாதீர்கள், அந்த வரிசையை நீங்களே அறுத்துப் போடுவது மேல். ஒரே பாகத்தில் 12 நாள் நிற்பது குடற்புழுவுக்கு விருந்து. கிடை வலையை வைத்து அந்த 75 சென்ட்டையும் மூன்றாகத் தடுத்து நாலு நாளைக்கு ஒருமுறை முன்னால் தள்ளச் சொல்லுங்கள். ஆட்டுக்குத் தாடைக்குக் கீழே வீக்கம் தெரிந்தால் புழு முற்றிவிட்டது என்று அர்த்தம்.

மழைக்கு: மொத்தத் தொகையை ஒரே தடவையாகப் பேசாதீர்கள். ஒவ்வொரு தழைப்புக்கும் தனித்தனி. தழைப்பு தயாரானதும் ஆட்டுக்காரரையும் கூட வைத்துக்கொண்டு சட்டத்தைப் போட்டு, அறுத்து, எடை பார்த்து, தொகையைத் தாளின் பின்பக்கம் எழுதி இருவரும் கையெழுத்து. பாதியை நுழையும்போது, மீதியை அந்தச் சுற்று முடிந்து வெளியேறும்போது வாங்கிக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்குப் பச்சையாக 200 கிராமுக்குக் கீழே வந்தால் அந்தத் தழைப்பை விற்காதீர்கள், அவர் எவ்வளவு கேட்டாலும்.

—

கிடைமடக்கி எழுதியது:

தலைக்கு 47 ரூபாய் யாரும் மறுக்க மாட்டாங்க. ஒரு ஆட்டுக்குத் தினம் ஒண்ணரை ரூபாய்தானே ஆவுது. ஆனா 12 நாளும் வலையைத் தள்ளிக்கிட்டே இருக்கணும்னா ரெண்டாவதா ஒரு வலை வேணும், ஒண்ணு கிடைக்கு, ஒண்ணு மேய்ச்சலுக்கு. அதை யார் வாங்குறதுன்னு இப்பவே பேசிடுங்க. அவரே வாங்கினா முதல் தழைப்புத் தொகையில பாதியைக் கழிச்சுக்குங்க, வலை அவருக்கே. நீங்க வாங்கினா வலை உங்களுது, தைக்குப் பிறகு வெள்ளரிக் கொல்லைக்குக் கட்டிக்கலாம்.

இன்னொண்ணு, பனி காயாம விடக்கூடாதுங்கிற பேச்சே உங்களுக்கு வராது, அவர் ரெண்டு மணிக்குத்தான் வர்றார். ஆனா மார்கழியில சாயந்தரம் ஆறு மணிக்கே புல்லு நனைய ஆரம்பிச்சிடும். அந்த மாசம் அஞ்சரைக்கு வெளியே ஓட்டிடணும்னு எழுதுங்க.